அஞ்சலை கொண்டுவந்த மீன்கள்

என் ஆசை அம்மாவுக்கு,

இந்த ஐப்பசி வந்தால் நீ போய் ஒரு வருஷம். உயிரோடு இருந்தபோது உனக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. எழுதியிருந்தாலும் பஸ் ஏறி வந்து நானேதான் படித்துக் காட்டியிருக்க வேண்டும். இதையும் உரக்கப் படிக்கத்தான் போகிறேன். அப்புறம் ஒரு பத்திரிகைக்குக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையும் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்.

முதலில் நம் பக்கத்துச் சேதி. தவளக்குப்பம் முனையில் நீ கூடையை இறக்கி வைத்து வெற்றிலை போடுவாயே, அந்த இடத்தில் ஒரு டைலர் கடை வந்துவிட்டது. நம் குப்பத்தில் நாலைந்து படகுகளுக்கு இன்ஜின் மாட்டிவிட்டார்கள். காலையில் அந்தச் சத்தத்தில்தான் எழுந்திருக்கிறார்களாம். என்னை வில்லியனூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். தினம் இரண்டு பஸ். உன் மருமகனுக்கு இன்னும் முள் எடுக்கத் தெரியவில்லை. உன் பேத்தி செல்வி ஆறாவது வந்துவிட்டாள். அவளுக்கு மீன் என்றால் உயிர், அதிலும் தலை.

நம் கதைக்கு வருகிறேன்.

அப்பா காய்ச்சலில் போனபோது நான் இரண்டாவது படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதமே நீ மீன்கூடையைத் தூக்கினாய். கரையில் மீன் எடுத்து, தவளக்குப்பம் வரைக்கும் நடந்து, அங்கிருந்து அபிஷேகப்பாக்கம், பாகூர் என்று தெருத்தெருவாகப் போவாய். என்னை ஒரு நாளும் மீன் ஆய விட்டதில்லை. படிக்கிற கை நாறக் கூடாது என்பாய். படித்து முடித்து, ஓவிய ஆசிரியர் பயிற்சியும் முடித்து, எழுபதுகளின் தொடக்கத்தில் பாகூர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. உத்தரவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாயே, எந்தப் பக்கம் மேல் பக்கம் என்றுகூட உனக்குத் தெரியவில்லை.

பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டில் அறை எடுத்தேன். வீட்டுக்காரர் சைவம்.

"வீட்டுல கவுச்சி கூடாதும்மா. அப்பா அம்மா இன்னா பண்றாங்க?" என்று கேட்டார்.

"அப்பா இல்லீங்க. அம்மா வியாபாரம்."

"ஜவுளியா?"

"சின்ன வியாபாரந்தாங்க" என்றேன். அது பொய் இல்லை. உண்மையும் இல்லை. அங்கேதான் ஆரம்பித்தது.

வேலைக்குச் சேர்ந்த அதே வாரம், இடைவேளையில், பள்ளி வாசலில் உன் குரல் கேட்டது. பாகூர் உன் வழக்கமான தடம்தானே. டீச்சர்கள் இரண்டு மூன்று பேர் மீன் பார்க்கப் போனார்கள். நானும் கூடப் போய்விட்டேன். இப்போது 'அம்மா' என்று கூப்பிட்டால் வீட்டுக்காரர் காதுக்கு மாலைக்குள் போய்விடும். கூப்பிடாமல் எப்படி நிற்பது? நான் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். ஒரு நொடிகூட இருக்காது. உனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"புது டீச்சரம்மாவா? மீனு வேணுமாம்மா?" என்று கேட்டாய்.

"இன்னைக்கு வேணாம்மா" என்றேன்.

மீன் விற்க வருகிறவரை எல்லாரும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அந்த நாடகம் நடந்தது. நீ என்னைவிட நன்றாக நடித்தாய். தையல் டீச்சர் ஸ்டெல்லா என்னை இழுத்துக்கொண்டு வருவார். "மல்லிகா, நீங்க கடலோரம்தானே, இது நல்ல மீனான்னு பாத்து சொல்லுங்க" என்பார். நான் உன் கூடையில் கைவிட்டு, செவுளைத் தூக்கிப் பார்த்து, நல்ல மீன்தான் என்பேன். நீ முகத்தில் ஒன்றும் காட்டாமல், "பரவால்லியே, டீச்சரம்மாவுக்கு மீனு பாக்கத் தெரியுது" என்பாய். சனிக்கிழமை குப்பத்துக்கு வந்ததும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். திங்கள் காலை எலுமிச்சம்பழத்தால் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் நான் பாகூர் பஸ் ஏறுவேன். அதை நீ ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பாய். அப்போது நீ சிரித்ததாக ஞாபகம் இல்லை.

அந்த நாளில் ஓவிய வகுப்பு என்றால், நான் கரும்பலகையில் ஒரு மாம்பழம் போடுவேன், பிள்ளைகள் அதைப் பார்த்துப் போடுவார்கள். அழிப்பார்கள், மறுபடி போடுவார்கள். மணி அடித்துவிடும். எனக்கே சலித்துப்போயிருந்த சமயத்தில் டவுனில் ஓவிய ஆசிரியர்களுக்குப் பத்து நாள் பயிற்சி என்று அனுப்பினார்கள். அங்கே ஜப்பானில் இருந்து ஓர் அம்மா வந்திருந்தார். ஸ்டெல்லா டீச்சரின் தோள் உயரம்தான் இருப்பார். அவர் சொன்னதை ஒருவர் பிரெஞ்சில் சொல்ல, அதை இன்னொருவர் தமிழில் சொன்னார். எங்களிடம் வந்து சேரும்போது பாதி கரைந்துதான் இருக்கும். கை செய்வதைப் பார்க்க அது போதுமானதாக இருந்தது.

முதலில் காகிதத்தை மடித்து நாரை செய்யக் கற்றுக்கொடுத்தார். அப்புறம் வெறும் கறுப்பு மையும் தூரிகையும் வைத்து, ஒரே இழுப்பில் ஒரு மூங்கில் கணுவைப் போடுவது. எட்டாம் நாள் ஒரு பெரிய மடவை மீனைக் கொண்டுவரச் சொன்னார். கழுவி, ஈரம் போகத் துடைத்து, மேலே மை தடவி, மெல்லிய தாளைப் போர்த்தினார். பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்போமே, அப்படி விரல் நுனியால் தாளைத் தடவினார். தாளை உரித்து எடுத்தபோது மீன் தாளுக்கு வந்திருந்தது. ஒவ்வொரு செதிலும் தனித்தனியாகத் தெரிந்தது. அம்மா, பிறந்ததில் இருந்து மீனைப் பார்த்தவள் நான். அன்றைக்குத்தான் ஒரு மீனைப் பார்த்தேன்.

அவர்கள் ஊரில் மீனவர்கள் பெரிய மீன் கிடைத்தால் இப்படி அச்செடுத்து வைத்துக்கொள்வார்களாம். ஓரத்தில் அதைக் கொண்டுவந்தவர் பெயரை எழுதுவார்களாம். "இந்த மீனைக் கொண்டுவந்தது யார்?" என்று தூரிகையைப் பிடித்துக்கொண்டே கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. மார்க்கெட்டில் வாங்கியது என்றார்கள். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. அந்த இடத்தை வெற்றாகவே விட்டுவிட்டார். நான் மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்து ஒன்பதாம் வகுப்புக்கு ஜப்பான் பாடம் தொடங்கினேன். பழைய காலண்டர், சினிமா நோட்டீஸ் எல்லாவற்றையும் பிள்ளைகள் நாரையாக மடித்து ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார்கள். அடுத்து மை. மண்ணெண்ணெய் விளக்குக்கு மேல் தட்டைக் கவிழ்த்துக் கரி பிடித்து, வேலம்பிசினோடு அரைத்து நாங்களே செய்தோம்.

அந்த வகுப்பில் வசந்தா என்று ஒரு பெண். சோரியாங்குப்பம். வீட்டில் எல்லாரும் வயல் வேலைக்குப் போகிறவர்கள். அவள் ஒரு கோடு போட்டால் மூன்று தடவை அழிப்பாள், தாள் கிழிகிற வரைக்கும் அழிப்பாள். மையை அழிக்க முடியாது என்றதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"தப்பாயிடுச்சின்னா இன்னா டீச்சர் பண்றது?"

"தப்பாயிடுச்சின்னா அது அப்பிடியே இருக்கட்டும். வேற தாள் எடுத்துக்கோ."

நாலு தாள் போனது. ஐந்தாவதில் ஒரு நெற்கதிர் போட்டாள். நடுவில் கை நடுங்கிவிட்டது. அந்த இடத்தில் கதிர் காற்றுக்குச் சாய்ந்த மாதிரி இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். அடுத்த வகுப்பில் இருந்து அவள் ரப்பர் கொண்டுவரவில்லை.

மூன்றாவதாக மீன் அச்சு. அதற்கு நல்ல மீன் வேண்டும். பாகூரில் நல்ல மீன் என்றால் உன் கூடைதான். சனிக்கிழமை வந்து உன்னிடம் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா?

"எம்மா, என் கிளாசுக்கு மீனு வேணும்."

"எத்தினி பேரு துன்றதுக்கு?"

"துன்றதுக்கு இல்லம்மா. மேல மை தடவி, தாள்ல அச்செடுக்கறதுக்கு."

வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாய். "மீனுக்கு மையா? உனக்கு இன்னாடி ஆச்சி?"

நான் விளக்கிச் சொன்னேன். நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். அப்புறம் அதில் இறங்கிவிட்டாய். "செதிலு வுழணும்னா சங்கராதான் சரி. வவ்வாலு வழவழன்னு இருக்கும், ஒண்ணும் வுழாது. மடவை ரெண்டு சேத்துப் போடறேன்" என்றாய். எழுந்து உள்ளே போகும்போது நின்று, "நான் மீனுக்காரியாத்தான் வருவேன். அங்க நீ எனக்கு யாரும் இல்ல. அத்த நெனப்புல வெச்சிக்க" என்றாய்.

சரிம்மா என்றேன். எப்படி அதைச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை வந்தாய். வகுப்பின் மூலையில் கூடையை வைத்துவிட்டு, சுவரோரம் ஒட்டி உட்கார்ந்துகொண்டாய். பெஞ்சில் உட்காருங்கள் என்று வேடிக்கை பார்க்க வந்திருந்த ஸ்டெல்லா டீச்சர் சொல்லியும் உட்காரவில்லை. நான் ஒரு சங்கராவை எடுத்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மேசையில் வைத்தேன். எடுக்கும்போதே கை வழுக்கிக் கீழே போட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நீ உதட்டைக் கடித்துக்கொண்டாய். மறுபடி எடுத்து, வாலில் இருந்து தலைப்பக்கமாகத் துணியால் அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தேன்.

"ஏன்டி மல்லி, வால்லேருந்து தேச்சா செதிலு தூக்கிக்கினு வராது? தலையிலேருந்து வாலுக்குத் தொடடி. இங்க குடு" என்று எழுந்து வந்துவிட்டாய்.

வகுப்பு அப்படியே நின்றுவிட்டது. உன் கை பாதி வழியில் நின்றது. வசந்தாதான் வாயைத் திறந்தாள். "டீச்சர், அவங்க உங்களை டி போட்டுக் கூப்புட்றாங்க."

நீ உடனே இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டாய். "வாய் தவறிப்போச்சி டீச்சரம்மா. மன்னிச்சிக்குங்க."

நீங்கள் என்றாய் என்னை. பெற்ற பெண்ணைப் பார்த்து, அத்தனை பிள்ளைகள் எதிரில், கையைக் கூப்பிக்கொண்டு. ஊரில் யார் என்ன சொல்வார்கள், வீட்டுக்காரர் என்ன செய்வார் என்று இரண்டு வருஷமாகப் பயந்து வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் நிற்கவில்லை.

"தவறல" என்றேன். "இவங்க எங்கம்மா."

அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்டெல்லா டீச்சர் வாயில் கைவைத்துக்கொண்டார். உன் கண்ணில் கோபம் தெரிந்தது. பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். வசந்தா மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ ஆயா, எனக்குப் பெரிய மீனாப் பாத்துக் குடுங்க" என்றாள். உடனே எனக்கு எனக்கு என்று எல்லாக் கையும் நீண்டது. நீ என்னை முறைத்துக்கொண்டே கூடைப் பக்கம் போனாய்.

அதற்கப்புறம் அந்த வகுப்பை நடத்தியது நீதான். செவுளுக்குள் காகிதத்தைத் திணிக்கச் சொன்னாய், இல்லாவிட்டால் தண்ணீர் கசிந்து மை கலங்கும் என்று. துடுப்பை விரித்து, அடியில் களிமண் வைத்து நிறுத்தினாய். ஜப்பான் அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் அவரைப் பார்க்காமலே உனக்கும் தெரிந்திருந்தது.

அச்செடுத்தால் கண் விழாது. அந்த இடம் வெள்ளையாக இருக்கும், தூரிகையால் நாம்தான் போட வேண்டும். வசந்தா தூரிகையை மையில் தோய்த்துவிட்டுத் தாளில் வைக்காமலே இருந்தாள். நீ அவள் பக்கத்தில் குந்திக்கொண்டு, "செத்து ரெண்டு நாளு ஆன மீனுக்குத்தான் கண்ணு வெள்ளையாப் பூக்கும். இது இன்னிக்கி மீனு. நல்லாக் கறுப்பா வைய்யி, நடுவுல ஒரு பொட்டு வெள்ளை வுட்டுடு" என்றாய். அவள் வைத்தாள். மீன் எங்களைப் பார்த்தது.

மீனை வீணாக்க விட மாட்டேன் என்று கிணற்றடிக்குக் கொண்டுபோய் எல்லாவற்றையும் நீயே கழுவிப் பிள்ளைகளிடமே கொடுத்தனுப்பினாய். வெறும் கரியும் பிசினும்தானே, போய்விடும் என்றாய். முழுசாகப் போகவில்லை. மறுநாள் நாலு பிள்ளைகள் வீட்டில் குழம்பு கறுத்துப்போனதாகச் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் நான் அறைக்குப் போகாமல் நேராகக் குப்பத்துக்கு வந்தேன். நீ அடுப்பைப் பார்த்துக்கொண்டு என் பக்கம் திரும்பவே இல்லை.

"எதுக்குடி சொன்னே?"

"நீதானம்மா டி போட்டே."

"நான் வாய் தவறி சொன்னேன். நீ இன்னாத்துக்குத் தவறினே? வயசான பொம்பள, எல்லாரையும் அப்பிடித்தான் கூப்புடுவான்னு சொல்ல வேண்டியதுதானே. எம்மாம் சுளுவு."

எனக்காக ஒரு பொய்யைக்கூட நீ தயாராக வைத்திருந்தாய். எனக்கு அழுகை வந்தது. நீ தட்டை வைத்து, குழம்பில் இருந்த பெரிய துண்டை எனக்குப் போட்டாய்.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்காரர் வந்தார். கோபப்படவில்லை. "தப்பா எடுத்துக்காதம்மா. எங்க வீட்டுப் பொம்பளைங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க. வேற எடம் பாத்துக்க" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பள்ளிக்குள் எப்படி மீன் வரலாம் என்று ஒரு பிள்ளையின் அப்பா எழுதிக் கொடுத்திருந்தார். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு அந்தத் தாளைக் காட்டினார். அவர் அதிகம் பேசாதவர். "மீனைக் கொண்டுவந்ததுக்கு ஒரு விளக்கம் எழுதிக் குடுத்துடு மல்லிகா. அம்மாவைக் கொண்டுவந்ததுக்கு எழுத வேண்டாம்" என்றார். ஒரு கணக்கு டீச்சர் மட்டும் நான் பக்கத்தில் உட்கார்ந்தால் கைக்குட்டையை எடுப்பார். கடைசி வரைக்கும் எடுத்தார். விடு.

நீ பாகூர்ப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாய். நான் குப்பத்துக்கே குடிவந்து, தினமும் உன்னிடம் கெஞ்சி, ஒரு மாதம் கழித்துத்தான் மறுபடி வந்தாய். அதற்கப்புறம் நாம் இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். கூடை மேலே, நாம் கீழே. முதல் நாள் நீ என் பக்கத்தில் உட்காராமல் வேறு இடம் தேடினாய். நான் புடவையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். அந்த பஸ் பயணங்களில் நீ பேசிய பேச்சை எல்லாம் எழுதி வைத்திருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

வருஷக் கடைசியில் பள்ளியில் கண்காட்சி. நாரைகள், மை ஓவியங்கள், மீன்கள் எல்லாவற்றையும் கயிறு கட்டி கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். கல்வித் துறையில் இருந்து ஓர் அதிகாரி வந்தார். மற்றதையெல்லாம் நடந்துகொண்டே பார்த்தவர் மீன்களுக்கு முன்னால் நின்றார். வசந்தாவிடம் ஏதேதோ கேட்டார். அவள் செவுளில் காகிதம் வைப்பதில் ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அவர் போன பிறகு நீ வந்தாய். கூடை இல்லாமல், பெட்டியில் இருந்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு. தலையில் பாரம் இல்லாததால் உனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வசந்தாவின் சங்கராவுக்கு முன்னால் நின்றாய். ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்ததை விரலால் தொட்டாய்.

"இது இன்னா எழுத்து?"

"சங்கரா மீன். கொண்டுவந்தவர் அஞ்சலை. அச்செடுத்தவர் வசந்தா, ஒன்பதாம் வகுப்பு."

"அஞ்சலைன்னு எது?"

காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாய். கண்ணைத் துடைப்பாய் என்று நினைத்தேன். "காலைல புடிச்சதுன்னு போட்டியா?" என்று கேட்டாய்.

"போடல."

"அப்பறம் இன்னா எழுதினீங்க. பாக்கறவன் ஐஸ் மீனுன்னு நெனச்சிக்கப் போறான். போடு."

அங்கேயே பேனாவை வாங்கி, காலையில் பிடித்தது என்று எழுதினேன். நீ திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அடுத்த மீனுக்குப் போனாய். பதினாறு மீனுக்கும் எழுதவைத்தாய்.

அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் மீன் பாடத்துக்கு நீதான் வந்தாய். உனக்கு அது சப்பான் கிளாஸு. முழங்கால் வலி வந்த பிறகும் வந்தாய், பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு. வசந்தாவைப் போன மாதம் பார்த்தேன். சோரியாங்குப்பத்திலேயே கட்டிக்கொடுத்தார்கள், இரண்டு பிள்ளைகள். அந்தச் சங்கராவைச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். நீ போனதைச் சொன்னதும் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா, இதுவரைக்கும் எழுதியது எல்லாம் நீயும் நானும் பேசிச் சிரித்ததுதான். நாம் ஒரு நாளும் பேசாதது ஒன்று இருக்கிறது.

அந்த முதல் மீன் வகுப்புக்கு இரண்டு மாதம் முன்னால், ஒரு மழை நாள். நீ பள்ளி வாசலில் வழுக்கி விழுந்தாய். கூடை கவிழ்ந்து மீனெல்லாம் சேற்றில் சிதறிவிட்டது. நாங்கள் நாலைந்து டீச்சர்கள் தாழ்வாரத்தில் நின்றிருந்தோம். ஒருவர், "இன்னைக்குப் பள்ளிக்கூடமே மீன் மார்க்கெட்டு" என்றார். சிரித்தார்கள். நீ முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாய். ஒரு தடவை முடியவில்லை. நான் சாக்பீஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சின்ன வகுப்புப் பிள்ளைகள் ஓடி வந்து மீனைப் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் யார் பெற்ற பிள்ளைகளோ.

அந்தச் சனிக்கிழமை உன் முழங்கை வீங்கியிருந்தது. "இன்னாம்மா ஆச்சி?" என்று கேட்டேன். அம்மா, எனக்குத் தெரியாத மாதிரி கேட்டேன். கரையில் தடுக்கிவிட்டது என்றாய்.

அன்றைக்கு நான் தாழ்வாரத்தில் நின்றதை நீ பார்த்தாயா? நான் திரும்பி உள்ளே போனதைப் பார்த்தாயா? பார்த்துவிட்டுத்தான் கரையில் என்றாயா? ஆஸ்பத்திரியில் உன் கடைசி வாரத்தில் இதைக் கேட்டுவிட வேண்டும் என்று கட்டில் பக்கத்தில் குனிந்தேன். "செல்விக்குப் பசிக்கும், போய் சோறு போடு" என்றாய். நான் போய்விட்டேன். திரும்பி வந்தபோது நீ பேசுகிற நிலையில் இல்லை. கேட்காமலே விட்டது உனக்காகவா, எனக்காகவா?

போன வாரம் செல்வி பள்ளியில் பாட்டி தாத்தாவைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நோட்டை எடுத்துக்கொண்டு வந்து, "ஆயாவைப் பத்தி எல்லாத்தையும் சொல்லும்மா, நான் எழுதிக்கறேன்" என்றாள். நாலு நாளாகச் சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மீன் வகுப்பைச் சொல்வது எளிது. அதில் நான் நல்லவளாகவும் தெரிவேன். அதை மட்டும் சொன்னால் அவள் நோட்டில் உன் பேர் இருக்கும், நீ பட்டது இருக்காது.

நாளைக்கு ஞாயிறு. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அவளை எதிரில் உட்காரவைத்து மழை நாளையும் சொல்லிவிடுவேன். நான் உள்ளே போனதைச் சொல்வேன், தெரியாத மாதிரி கேட்டதையும் சொல்வேன். அவள் என்னை எப்படிப் பார்த்தாலும் பார்க்கட்டும். அவள் எழுதுவதில் ஒரு வரியையும் அடிக்க மாட்டேன். இது உன் மேல் சத்தியம் அம்மா.

நீ பெற்ற ஒரே பெண்,
மல்லி